வாசலில் நின்றவர்கள்

22 செப்டம்பர் 2024, ஞாயிறு

நேற்று அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து வாக்களிப்பு நிலையத்துக்கு அழைத்துப் போனேன். 84 வயதிலும் ஒரு தேர்தலைக்கூட அவர் தவறவிட்டதில்லை. இன்று முழுவதும் வானொலிப் பக்கத்திலேயே இருந்தார். இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல் ஒன்றில் இரண்டாம் விருப்பு வாக்குகளையும் எண்ண வேண்டி வந்தது இதுவே முதல் முறை. இரவு, அநுர குமார திசாநாயக்க வென்றார் என்று அறிவித்தார்கள்.

அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: “இவர் எங்கே போய்ச் சத்தியப்பிரமாணம் செய்வார்?”

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச அநுராதபுரம் ருவன்வெலிசாயவில் பதவியேற்றார். தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு கட்டிய தாதுகோபம் அது. சிங்கள மக்களின் வாக்குகளாலேயே வென்றேன் என்று அங்கே நின்று பேசினார். தமிழர்களான எங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மூன்றாண்டு நிறையுமுன், 2022 ஜூலையில், அவர் நாட்டைவிட்டே ஓட வேண்டியிருந்தது. ஓட வைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அவருக்கு வாக்களித்த அதே பௌத்தர்கள்.

23 செப்டம்பர், திங்கள்

கொழும்பில், ஜனாதிபதி செயலகத்தில் பதவியேற்பு. அம்மாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

25 செப்டம்பர், புதன்

பிரதமராக இருந்த பண்டாரநாயக்க சுடப்பட்ட நாள் இது. 65 ஆண்டுகள். காலையிலிருந்து வேறொன்றும் ஓடவில்லை.

அங்கிலிக்கன் குடும்பத்தில் பிறந்து பௌத்தரானவர் அவர். அது உள்ளத்திலிருந்து வந்ததா, வாக்குக்காக வந்ததா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? நான் கேட்பது அவர் அதைக்கொண்டு என்ன செய்தார் என்பதை மட்டும். 1956, புத்தர் மறைந்து 2500 ஆண்டு நிறைவைக் கொண்டாடிய புத்த ஜயந்தி ஆண்டு. பிக்குகள் ஊர் ஊராக நடந்து அவருக்காக வாக்குக் கேட்டார்கள். வென்றதும், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற தனிச் சிங்களச் சட்டம் வந்தது. ஆனால் அடுத்த ஆண்டு ஜூலையில் அதே மனிதர் தமிழர் தலைவர் செல்வநாயகத்துடன் அமர்ந்து ஒப்பந்தம் எழுதினார். பிரதேச சபைகள், வடக்குக் கிழக்கு நிர்வாகத்தில் தமிழ். நிறைவான தீர்வு அல்ல. என்றாலும் அது நிலைத்திருந்தால் என் வயதொத்தவர்களில் எத்தனை பேர் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1958 ஏப்ரல் 9. ரொஸ்மீட் பிளேசில் பிரதமரின் வீட்டு வாசலில் பிக்குகள் வந்து உட்கார்ந்தார்கள். ஒப்பந்தத்தைக் கைவிடுகிறேன் என்றார். வாய்ச்சொல் போதாது, எழுத்தில் வேண்டும் என்றார்கள். அதையும் கொடுத்தார். மறுமாதம் தமிழர்களின் வீடுகள் எரிந்தன.

1959 செப்டம்பர் 25 காலை, அதே வீட்டு விறாந்தையில் ஒரு பிக்கு காத்திருந்தார். தல்துவே சோமராம, கண் வைத்தியர். காவி உடைக்குள் கைத்துப்பாக்கி. பிரதமர் அவரைக் கும்பிட்டு வணங்கியபோது சுட்டார். பின்னணியில் இருந்தவர் களனி விகாராதிபதி புத்தரக்கித்த. 1956 வெற்றிக்கு மிகவும் உழைத்தவர். கப்பல், சீனி வணிகத்தில் கேட்ட சலுகைகள் கிடைக்காத ஆத்திரம் அவருக்கு. தர்மத்தின் பெயரால் கட்சி வளர்த்தவரின் கணக்கில் கடைசியில் கப்பலும் சீனியும் இருந்தன.

மறுநாள் இறந்துபோன பண்டாரநாயக்க, சுட்டவனைப் பிக்குவின் உடை அணிந்த ஒரு மூடன் என்று குறிப்பிட்டு, அவனிடம் இரக்கம் காட்டும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். அந்த வார்த்தைகளைப் படிக்கும்போதெல்லாம் என் கோபம் தடுமாறுகிறது. சாகும் தறுவாயில் அவரிடம் இருந்த அந்தப் பௌத்தம், 1958இல் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு முன்னால் எங்கே போயிற்று?

29 செப்டம்பர், ஞாயிறு

யாழ்ப்பாணம் முற்றவெளிப் பக்கம் போனேன். தந்தை செல்வா என்று நாங்கள் அழைக்கும் செல்வநாயகத்தின் நினைவுத்தூண். அவர் கிறிஸ்தவர், பெரும்பாலும் சைவர்கள் வாழும் காங்கேசன்துறைத் தொகுதியில் நின்று வென்றவர். வாக்குக்காகத் திருநீறு பூசவும் இல்லை, தன் சிலுவையை மறைக்கவும் இல்லை. இதை நான் பெருமையோடு பல இடங்களில் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் புதனன்று எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியதிலிருந்து அந்தப் பெருமை பாதியாகிவிட்டது. அவர் கேட்டுவிட்டு, “மாவிட்டபுரத்தை எழுதவில்லையா?” என்றார்.

1968. அதே தொகுதி. ஒடுக்கப்பட்ட சாதியினர் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போய்க் கும்பிட வேண்டும் என்று வாசலில் வந்து நின்றார்கள். கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சுந்தரலிங்கம் ஆட்களோடு நின்று தடுத்தார். அவர்மீது வழக்குப் போட உதவிய சட்டம் பண்டாரநாயக்க ஆட்சியில், 1957இல் வந்தது. எங்கள் உரிமைக்காக நாடெங்கும் குரல்கொடுத்த செல்வாவின் கட்சியோ அந்த வாசலுக்கு வந்து உறுதியாக நிற்கவில்லை. காரணம் வெளிப்படை: தடுத்தவர்களின் வாக்கும் வேண்டியிருந்தது. அங்கே காவி, இங்கே திருநீறு. பயம் ஒன்றுதான்.

என் அப்பா அன்று தடுத்தவர்களின் பக்கம் நின்றவர். இதை இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை.

“அன்று வீட்டுக்கு வந்து என்ன சொன்னார்?” என்று அம்மாவிடம் கேட்டேன்.

“ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றடியில் குளித்தார், திருநீறு பூசினார், சாப்பிட உட்கார்ந்தார். நான் சோறு போட்டேன். நானும் ஒன்றும் கேட்கவில்லை.”