எவ்வளவு கேட்கலாம்?

பிப்ரவரி 16, 2025, ஞாயிறு

டென்னிஸ் வீரர் யானிக் சின்னருக்குச் சமரசமாக மூன்று மாதத் தடை என்று நேற்று செய்தி வந்தது. 2024 மார்ச்சில் கொடுத்த இரண்டு மாதிரிகளிலும் குளோஸ்டெபால் என்ற தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து இருந்தது. உடல் பிடித்துவிடுபவர் தம் விரல் காயத்துக்கு அடித்துக்கொண்ட ஸ்ப்ரே, தோல்வழியே இவருக்குள் போய்விட்டதாம். இதை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவும் மறுக்கவில்லை. கூட இருப்பவர்களின் அலட்சியத்துக்கும் வீரரே பொறுப்பு என்பது விதி. சரி, இருக்கட்டும். உறுத்துவது தேதிகள்தான். மே 4-ஆம் தேதி தடை முடிகிறது. அடுத்த பெரிய போட்டியான பிரெஞ்சு ஓபன் தொடங்குவது மே கடைசியில். நல்ல வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாதவருக்கும் இதே சமரசம் கிடைத்திருக்குமா?

பிப்ரவரி 18, செவ்வாய்

முன்னணி வீரர்கள், திடீர் ஊக்கமருந்துச் சோதனைக்காக, எந்த இரவு எங்கே தங்குவார்கள் என்பதைக் காலாண்டுதோறும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். தினமும் காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணிக்குள் ஏதாவது ஒரு மணி நேரம், சொன்ன இடத்தில் இருந்தாக வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் தடை. ஓட்டக்காரர் கிறிஸ்டியன் கோல்மன் டோக்கியோ ஒலிம்பிக்கை இழந்தது இதனால்தான். அவரிடம் மருந்து எதுவும் அகப்படவில்லை. சிறுநீர் மாதிரியை அதிகாரியின் கண்ணெதிரே கொடுக்க வேண்டும் என்பது தனிச் சங்கடம்.

இருந்தும் இந்த விதியின் பக்கமே நிற்கிறேன். சொல்லிவிட்டு வரும் சோதனையில் யார் மாட்டுவார்? 2018-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும், தனிவாழ்வில் இது தலையிடுவதை ஒப்புக்கொண்டபடியே, விதி செல்லும் என்றது.

பிப்ரவரி 21, வெள்ளி

கஞ்சா விஷயத்தில் அந்தப் பொறுமை எனக்கு இல்லை. 2021-இல் அமெரிக்க ஓட்டக்காரர் ஷகாரி ரிச்சர்ட்சன், பெற்ற தாய் இறந்த செய்தி கேட்ட நாட்களில் கஞ்சா எடுத்தார். அவர் இருந்த ஒரிகன் மாநிலத்தில் அது குற்றமே அல்ல. ஒரு மாதத் தடை. ஒலிம்பிக் 100 மீட்டர் போயிற்று. வேகம் கூட்டுமா, உடலைக் கெடுக்குமா, 'விளையாட்டின் ஆன்மா'வுக்கு முரணா என்ற மூன்றில் இரண்டு பொருந்தினால் ஒரு பொருளைத் தடைப்பட்டியலில் சேர்க்கலாம். ஆக, வேகம் கூட்டாத பொருளும் உள்ளே வந்துவிடலாம். சக ஓட்டக்காரருக்கு அநியாயம் செய்யாத ஒன்றைத் துருவ இவர்கள் யார்? ஆன்மாவைச் சோதிக்க எந்தக் குப்பியில் மாதிரி எடுப்பார்களோ!

அதே ஆண்டில் 23 சீன நீச்சல் வீரர்களின் மாதிரிகளில் டிரைமெட்டாசிடின் என்ற இதய மருந்து இருந்தது. சமையலறை வழியாகக் கலந்துவிட்டது என்ற விளக்கத்தோடு வழக்கு முடிந்தது. தடையும் இல்லை, அறிவிப்பும் இல்லை. 2024 ஏப்ரலில் பத்திரிகைகள் எழுதிய பிறகுதான் உலகத்துக்கே தெரியும். விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். அதை மூன்று ஆண்டு மூடி வைத்தது ஏன்?

பிப்ரவரி 26, புதன்

2016-இல் ஹேக்கர்கள் வாடாவின் தரவுத்தளத்தில் புகுந்து, ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் முறைப்படி அனுமதி பெற்று எடுத்துவந்த மருந்தின் விவரத்தை வெளியிட்டார்கள். ஒரு தவறும் செய்யாதவர், தமக்குக் கவனக்குறைபாட்டுக் கோளாறு இருப்பதை ஊரறியச் சொல்ல நேர்ந்தது. கேட்டு வாங்கிய விவரத்தைக் காக்கத் தெரியாதவர்கள் கேட்பதையாவது குறைத்துக்கொள்ளலாம்.

மேலே இருப்பவர்களிடம் கேட்பதோ மிகக் குறைவு. உலகத் தடகளச் சங்கத்தின் தலைவராக இருந்த லமீன் டியாக், ரஷ்ய வீரர்களின் ஊக்கமருந்து வழக்குகளை மூடி மறைக்க உதவிய ஊழலுக்காக 2020-இல் பாரிஸில் தண்டனை பெற்றார். வீரர் காலாண்டுதோறும் படுக்கையறை முகவரி தருகிறார். நிர்வாகிகளும் அதே காலாண்டில் வங்கிக் கணக்கு, பரிசுகள், பயணச் செலவு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கட்டும். மூன்று முறை தவறினால் பதவி போகட்டும்.