டீக்கு எத்தனை சர்க்கரை? முதல் ஒயின் வாங்கப் போகிறவர்களுக்கு

ஒயின் குடித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், எதை வாங்கட்டும் என்று யாராவது கேட்டால் நான் உடனே பாட்டில் பெயர் சொல்வதில்லை. டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை போடுவீங்க, பால் ஊற்றாத கட்டன் சாயா இறங்குமா, எலுமிச்சை ஜூஸில் உப்பா சர்க்கரையா, இந்த மூன்றைத்தான் கேட்பேன். கேட்டவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். ஆனால் ஒருவருக்கு எந்த ஒயின் பிடிக்கும் என்பதில் முக்கால்வாசி இந்தப் பதில்களிலேயே தெரிந்துவிடும்.

புதுச்சேரியில் குடியிருப்பதால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். கடலூர், நெய்வேலி, பண்ருட்டி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து சனி ஞாயிறுக்கு வரும் சொந்தபந்தங்கள், கூடப் படித்தவர்கள் எல்லோருக்கும் பீரும் பிராந்தியும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கத் தெரியும். ஒயின் அலமாரிக்கு முன்னால் வந்ததும் முழிப்பார்கள். முழித்துவிட்டுக் கடைசியில் எடுப்பது பெரும்பாலும் சிவப்பு, அதிலும் இருப்பதிலேயே கனமான காபர்நே சவிஞான். ஒயின் என்றால் சிவப்பு என்று மனதில் பதிந்துபோயிருக்கிறது. போதாக்குறைக்கு, இதயத்துக்கு நல்லது, தினம் ஒரு கிளாஸ் குடித்தால் கலர் வரும் என்று யாராவது சொல்லி வைத்திருப்பார்கள். கலரெல்லாம் வராதுங்க. இதயக் கதையையும் நம்ப வேண்டாம், உடம்புக்குப் பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவுமே இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. குடிப்பதென்றால் ருசிக்காகக் குடியுங்கள், மருந்து என்று நினைத்துக் குடிக்காதீர்கள். கர்ப்பமாக இருக்கும் பெண்களுக்கு 'குழந்தை சிவப்பாப் பொறக்கும்' என்று ஊற்றிக் கொடுக்கிற அறிவாளிகள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் சண்டை போட்டாவது நிறுத்துங்கள்.

சரி, ருசிக்கு வருவோம். கடலூரிலிருந்து வந்திருந்த என் மாமன் மகன், அப்படி ஒரு காபர்நேயைத்தான் தானே தேர்ந்தெடுத்து வாங்கிவந்தான். முதல் மடக்கை வாயில் வைத்தவன் கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, "என்ன மச்சான், ஈறெல்லாம் புடிச்சு இழுக்குது, கெட்டுப்போன சரக்கைக் குடுத்துட்டானா?" என்றான். பாட்டிலில் ஒரு குறையும் இல்லை. அவன் வாயைப் பிடித்தது டானின். திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருக்கிற துவர்ப்புச் சத்து அது. சிவப்பு ஒயினைத் தோலோடு சேர்த்துத்தான் நொதிக்க வைப்பார்கள், நிறமும் அதிலிருந்துதான் வருகிறது, துவர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து தோலை முதலிலேயே நீக்கிவிடுவதால் இந்தப் பிடி அதில் அநேகமாக இருக்காது.

டீயிலும் இதே வகைத் துவர்ப்பு உண்டு. நாம் பாலை ஊற்றி அதை அடக்கிவிடுகிறோம், பாலில் உள்ள புரதம் போய் டானினைப் பிடித்துக்கொள்ளும். பால் இல்லாவிட்டால் டானின் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடிக்கிறது, வாய் வறண்டு சொரசொரப்பாகிறது. பிறந்ததிலிருந்து பால் டீயும் ஃபில்டர் காபியும் குடித்து வளர்ந்த நாக்கிடம் முதல் நாளே காபர்நேயைக் கொண்டுபோய் நிறுத்தினால் அது முகம் சுளிக்கத்தான் செய்யும். கட்டன் சாயாவை விரும்பிக் குடிக்கிறவர் என்றால் விஷயமே வேறு, அவருக்குச் சிவப்பு முதல் வாரத்திலேயே பிடித்துவிடலாம்.

இன்னொரு சிக்கல், நம்மில் நிறையப் பேர் முதன்முதலில் குடித்த ஒயின் கிறிஸ்துமஸுக்கு நண்பர் வீட்டில் கொடுத்ததாக இருக்கும். கறுப்புத் திராட்சை, சர்க்கரை, கோதுமை, கிராம்பு எல்லாம் போட்டுப் பீங்கான் ஜாடியில் ஊறவைத்த அந்தத் தித்திப்பு. கொஞ்சம் வயதானவர்கள் கோவா போய் வந்தபோது வாங்கிய போர்ட் ஒயினைச் சொல்வார்கள், அதுவும் தித்திப்பு. ஆக ஒயின் என்றால் இனிக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டு போகிறவர் கையில், சர்க்கரை முழுவதும் நொதித்து ஆல்கஹாலாகிவிட்ட, துளி இனிப்புகூட மிச்சமில்லாத ஒயின் வந்து சேர்கிறது. இப்படிப்பட்டதை ட்ரை என்பார்கள். கடையில் இருப்பதில் பெரும்பகுதி ட்ரைதான். இனிப்பு பிடிக்கும் என்று சொல்லவே நிறையப் பேர் கூச்சப்படுகிறார்கள், இனிப்பு ஒயின் என்றால் விவரம் தெரியாதவர்கள் குடிப்பது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது சும்மா பந்தா. ஜெர்மனியின் ரீஸ்லிங்கும் இத்தாலியின் மோஸ்காடோ தாஸ்தியும் இனிப்பை வைத்தே பேர் வாங்கியவை.

அதனால் டீக்கு இரண்டு ஸ்பூன் ஆட்களுக்கு நான் சொல்வது ஷெனின் ப்ளாங் என்ற வெள்ளை ஒயின். பிரான்சில் லுவார் ஆற்றுப் பக்கத்துத் திராட்சை, இப்போது நாசிக்கில் நன்றாக விளைகிறது. நாசிக் நிறுவனமான சுலாவின் ஷெனின் ப்ளாங் பல கடைகளில் கிடைக்கும், லேசான இனிப்போடு இருக்கும், அடியில் ஒரு புளிப்பும் இருப்பதால் திகட்டாது. எலுமிச்சை ஜூஸில் உப்பு போட்டுக் குடிப்பவர், மாங்காயைக் கண்டால் விடாதவர் என்றால் சவிஞான் ப்ளாங், இதுவும் வெள்ளைதான். இனிப்பில்லை, நல்ல புளிப்பு, பச்சை மிளகாய் கீறினால் வருமே அப்படி ஒரு பச்சை வாசனை. சிலருக்கு முதல் தடவையே பிடித்துப்போகும், சிலர் இதென்ன புல் வாசனை என்பார்கள். சிவப்புதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஷிராஸ். காபர்நேயைவிடப் பழச்சுவை முன்னால் நிற்கும், பின்னால் மிளகு வாசனை, அந்த மிளகு நமக்குப் பழக்கமானதுதானே. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையடிவாரத்தில் குரோவர் ஸாம்பா செய்யும் லா ரிசர்வ் சிவப்பு நல்ல ஒயின்தான், ஆனால் அது காபர்நேயும் ஷிராஸும் கலந்து மரப் பீப்பாயில் வைத்தெடுத்தது, கொஞ்ச நாள் பழகிய பிறகு வாங்கிக்கொள்ளலாம், அவசரமில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் இவ்வளவு பன்னீர் திராட்சை விளைகிறதே, அதில் ஒயின் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம், வாசனைக்குக் குறைவில்லை, 2023-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. இருந்தாலும் பெரும்பாலும் தின்னும் பழமாகத்தான் போகிறது. நம்ம கடை அலமாரியில் இருக்கும் இந்திய ஒயின்களுக்கு மகாராஷ்டிராவும் கர்நாடகாவும்தான் தாய்வீடு.

கடையில் பாட்டிலைக் கையில் எடுத்ததும் படத்தையும் பேரையும் விட்டுவிட்டுப் பொடி எழுத்தைப் படியுங்கள். முதலில் ஆல்கஹால் சதவீதம். 5 முதல் 9 சதவீதத்துக்குள் என்றால் சர்க்கரை முழுவதும் நொதிக்காமல் மிச்சமிருக்கிறது, இனிக்கும். 12, 13, 14 என்று போனால் அநேகமாக ட்ரை. போர்ச்சுகலின் அசல் போர்ட் மட்டும் விதிவிலக்கு, நொதிக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுவதால் 20 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும், இனிக்கவும் செய்யும். அடுத்தது வருடம். இந்தியாவில் திராட்சை அறுவடை பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடிந்துவிடும், ஆகவே லேபிளில் உள்ள வருடத்தை வைத்து வயதைச் சுலபமாகக் கணக்குப் போடலாம். சாதாரண விலை வெள்ளை ஒயின் என்றால் இரண்டு வருடத்துக்கு மேல் போனதை நான் எடுப்பதில்லை. பழசாகப் பழசாக ருசி கூடும் என்பது சில உயர்ந்த ரகங்களுக்குத்தான் பொருந்தும், அதுவும் குளிர்ந்த இருட்டறையில் படுக்கவைத்திருந்தால்தான். நம்ம ஊர் வெயிலில், கடை வாசலோரக் கண்ணாடி அலமாரியில், மாதக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும் பாட்டில் வெந்துதான் போயிருக்கும். ஏசி இருக்கிற, ஒயின் ஓரளவு விற்று ஓடுகிற கடையாகப் பார்த்து வாங்குங்கள். திருகு மூடி இருந்தால் மட்டம் என்று நினைக்க வேண்டாம், கார்க் திறப்பான் இல்லாத வீட்டுக்கு அதுதான் வசதி.

நுரைக்கும் ஒயினில் ஒரு பொறி இருக்கிறது. ப்ரூட் என்று போட்டிருந்தால் இனிப்பு மிகக் குறைவு. எக்ஸ்ட்ரா ட்ரை என்று போட்டிருந்தால் அதைவிடவும் ட்ரையாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? கிடையாது, அது ப்ரூட்டைவிடக் கொஞ்சம் இனிப்பு. நன்றாக இனிக்க வேண்டுமென்றால் டெமி செக். யார் வைத்த பெயரோ.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர், மதியச் சாப்பாட்டோடு ஒரு சின்ன கிளாஸ் சிவப்பு, அவ்வளவுதான், அதற்கு மேல் தொடமாட்டார். அவர் வீட்டில் பாட்டில் எப்போதும் ஃப்ரிட்ஜில்தான் இருக்கும். "சிவப்பை ரூம் டெம்பரேச்சர்லதானே தாத்தா குடிக்கணும்?" என்றேன் ஒருநாள். "அது அவன் ஊரு ரூம், தம்பி. உன் ரூம்ல வெச்சா அது ரசம்" என்றார். அங்கே அந்தப் பேச்சு பதினாறு, பதினெட்டு டிகிரியைக் குறிக்கும். மே மாதத்துப் புதுச்சேரியில் அந்த விதியைப் பின்பற்றினால் சாராய நெடிதான் மூக்கில் ஏறும். சிவப்பையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெள்ளையை இரண்டு மூன்று மணி நேரம். ஐஸ் போடலாமா என்று கேட்டால், போடுங்கள், உங்கள் ஒயின், உங்கள் காசு. எவர்சில்வர் டம்ளர் மட்டும் வேண்டாம், வாசனை சரியாகத் தெரியாது. சாதாரணக் கண்ணாடி டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றிக்கொண்டால் போதும்.

எதைத் தின்றுகொண்டு குடிக்கிறோம் என்பதில்தான் நம்ம ஊர்க்காரர்களுக்கு நிஜமான குழப்பமும் நிஜமான சுகமும் இருக்கிறது, ஏனென்றால் ஒயின் பற்றி எழுதியிருப்பதெல்லாம் காரமில்லாத சமையலை நினைத்து எழுதியது. காரத்தோடு 14 சதவீதச் சிவப்பைக் குடித்தால் எரிச்சல் இரண்டு மடங்காகும். இறால் தொக்கு, மிளகாய்ச் சாந்து தடவிய சங்கரா வறுவல் எல்லாவற்றுக்கும் லேசாக இனிக்கிற, நன்றாகக் குளிர்ந்த ஷெனின் ப்ளாங் சரியாகப் பொருந்தும், இனிப்பு காரத்தை அமர்த்திவிடும். புளி தூக்கலான மீன் குழம்புக்கு ஒயினும் புளிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கலந்த மாதிரி சப்பென்று போய்விடும், அங்கே சவிஞான் ப்ளாங். நெத்திலி ஃப்ரை முறுமுறுவென்று சுடச்சுட இருக்கும்போது ப்ரூட் ஒன்றைத் திறந்து பாருங்கள், எண்ணெய்ப் பசையை ஒவ்வொரு மடக்கும் துடைத்தெடுத்துவிடும். மீனோடு சிவப்பு குடித்தால் வாயில் ஒரு கவிச்சி தங்கும், அது கற்பனை இல்லை, சிவப்பு ஒயினில் உள்ள இரும்புதான் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-ல் காட்டியிருக்கிறார்கள். ஷிராஸை மட்டன் சுக்கா நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். என் மாமன் மகன் மூடி வைத்த அந்தக் காபர்நேயைக்கூட மறுநாள் ஆரோவில் சீஸ் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு குடிக்கச் சொன்னேன். "அட, பிடியே காணோம்" என்றான். டீயில் பால் செய்த வேலையைத்தான் அங்கே சீஸ் செய்தது.

தனியாக ஒரு முழு பாட்டில் வாங்கி மாட்டிக்கொள்வதைவிட மூன்று நான்கு பேர் சேர்ந்து ஆளுக்கொன்றாக வேறு வேறு வகை வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்ப்பது நல்லது. வெள்ளையில் தொடங்கிச் சிவப்புக்குப் போங்கள். விழுங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருங்கள். எச்சில் ஊறினால் புளிப்பு, ஈறு இழுத்தால் துவர்ப்பு. இந்த இரண்டும் இனிப்பும் பிடிபட்டுவிட்டால் அப்புறம் கடைக்காரரிடம் "இனிப்பு கொஞ்சம் இருக்கட்டும்ணே, துவர்ப்பு வேணாம்" என்று நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 375 மில்லி அரை பாட்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள், எல்லா வகையிலும் வராது.

ஜூஸ் மாதிரிதானே என்று மடமடவென்று இறக்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 13 சதவீத ஒயின் 750 மில்லியில் கிட்டத்தட்ட 97 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. 42.8 சதவீத பிராந்தி ஒரு குவாட்டரில் 77 மில்லி. அதாவது முழு ஒயின் பாட்டிலை ஒருவரே முடித்தால் குவாட்டரைத் தாண்டிவிட்டார் என்று அர்த்தம், வண்டிச் சாவியை வாங்கி வைத்துவிடுங்கள். மிச்சமிருந்தால் மூடியை இறுக்கித் திருகி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும்.

மிச்சத்தை ஊருக்கு எடுத்துப்போகலாம் என்று மட்டும் கடலூர்க்காரர்கள் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள், அவர்களுக்கு ஷெனின் ப்ளாங்கும் ஒன்றுதான், பிராந்தியும் ஒன்றுதான். இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள், அடுத்த சனிக்கிழமைக்குள் நான் பார்த்துக்கொள்கிறேன்.