பழைய 407-க்கு விலை போட்ட கதை

ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்ற மச்சானுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. நாமக்கல் பக்கம் 2015 மாடல் டாடா 407 சின்ன லாரி ஒன்று விலைக்கு வந்தது. "கொஞ்சம் வேலை இருக்குண்ணே, நாலே கால் லட்சம்" என்றார் ஓனர்.

நான் முதலில் பார்ப்பது சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம்தான். இன்ஜினைப் பிரித்துக் கட்டிவிடலாம். சேஸ் போனால் வண்டியே போச்சு. அதில் மட்டும் புதுசாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும். பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் பிராக்கெட் ஓரத்தில் டார்ச் அடித்து, ஸ்குரூடிரைவரால் சுரண்டிப் பார்த்தேன். விரிசலோ வெல்டிங் தழும்போ இல்லை. சேஸ் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போனது.

வருகிற நேரத்தைச் சொன்னால் இன்ஜினைச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். அதனால் சொல்லாமல் விடியற்காலையில் போனோம். பானெட்டில் கை வைத்து, சில்லென்று இருந்த பிறகே ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். ரொம்ப நேரம் செல்ஃப் அடித்துத்தான் பிடித்தது. ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று உள்ளங்கையைத் தள்ளியது. சைலன்ஸரில் நீலப் புகை. "ஃபில்டர் மாத்தினா சரியாயிடும்ணே" என்றார். ஆகாது. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் தேய்ந்திருக்கின்றன, இன்ஜினை இறக்கியே ஆக வேண்டும்.

ஓட்டிப் பார்த்ததில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் மூன்றாவது கியர் நழுவியது. ஜாக்கி வைத்து முன் சக்கரத்தை ஆட்டினால், சக்கரம் திரும்ப அச்சாக இருக்கும் கிங்பின்னில் ஆட்டம்.

அப்புறம் கணக்கு. ஓனர் சொல்கிற விலையிலிருந்து கழிக்கவே கூடாது. வேலையே இல்லாத இதே மாடல் என்ன விலைக்குக் கைமாறுகிறதோ, அதிலிருந்துதான் கழிக்க வேண்டும். அது அங்கே 4,75,000. இன்ஜினுக்கு 85,000, கியர் பாக்ஸ் 20,000, கிங்பின் 8,000, முன் டயர் இரண்டும் 20,000, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்க 25,000. பிரித்தால் தெரியவரும் வேலைக்குத் தனியாக 25,000. மீதி 2,92,000.

வருடக் கணக்கையும் விடக்கூடாது. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருடாவருடம் எடுக்க வேண்டும். பன்னிரண்டு தாண்டினால் இந்த சைஸ் வண்டிக்கு வெளி மாநிலங்களுக்கு ஓட்டும் நேஷனல் பர்மிட்டே கிடையாது. கேரளா லோடை நம்பி வாங்குகிறவனுக்கு இது பெரிய விஷயம். பட்டறையில் நிற்கிற நாளுக்கு வருமானமும் இல்லை. ஆகவே 2,60,000 என்று கேட்டேன். ஓனர் முகம் சுருங்கியது. ஒவ்வொரு வேலையாகச் சொல்லிக் காட்டியதும் இறங்கி வந்தார். 2,75,000-க்கு முடிந்தது.

அட்வான்ஸ் 20,000 மட்டும் கொடுத்தோம். மீதிப் பணம், ஓனர் இ-சலான் அபராதம் எல்லாம் கட்டி, ஃபைனான்ஸ்காரர் தரும் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் கடனை நீக்கும் ஃபாரம் 35-ம் மச்சான் கைக்கு வந்த பிறகுதான்.