மேசையைக் கவிழ்த்துப் பார்க்கிறவர்கள்

2024 ஜூன் 8, சனி

எங்கள் மரவேலைக் குழுவில் இன்று செய்ததைக் கொண்டுவந்து காட்டும் நாள். ஆளுக்கு ஒரு பொருள், முடிந்தது பாதி என்ற கணக்கெல்லாம் கிடையாது. ஆசிரியர் (பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், எங்களுக்கு இன்னும் ஆசிரியர்தான்) ஒரு தேக்குப் பெட்டி கொண்டுவந்தார். லிஃப்ட் பழுதுபார்க்கும் அண்ணன் நாற்காலியின் பின்கால்கள் இரண்டை மட்டும் தோளில் சாத்திக்கொண்டு வந்தார். பல் டாக்டர் அக்கா வெறுங்கையோடு வந்து, "என் மேசை வெடிச்சுப்போச்சு, யாரும் எதுவும் கேக்காதீங்க" என்று உட்கார்ந்துவிட்டார். கேட்காமல் இருப்போமா?

புதிதாக ஒரு தம்பி வந்திருக்கிறான். மடியில் ஒரு துணிப்பை. அதைக் கடைசிவரை திறக்கவில்லை.

பெட்டி கைமாறிக்கொண்டே வந்தது. புதியவர்கள் மூடியைத் தடவிப் பார்ப்பார்கள், பழகியவர்கள் கவிழ்த்து அடியைப் பார்ப்பார்கள். மூலைகளில் புறாவால் பொருத்து (புறாவின் வால்போல் விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோக்கும் இணைப்பு), வாலின் சரிவு 1-க்கு 8, அதாவது எட்டு அளவு நீளத்துக்கு ஒரு அளவு சாய்வு. கடின மரத்துக்கு அதுதான் வழக்கம், மென்மரம் என்றால் 1-க்கு 6 வரை சாய்க்கலாம். ஒரு மூலையில் மட்டும், விளக்குக்கு நேரே பிடித்தால் மயிரிழை மாதிரி ஒரு கோடு. அண்ணன் கண்ணில் பட்டது. "இதுல சீவல் செருகியிருக்கீங்களா சார்?" ஆசிரியர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி! இடைவெளியில் ரம்பத்தை ஒருமுறை ஓட்டி, இரண்டு பக்கமும் நேராக்கி, அதே பலகையின் துண்டிலிருந்து மெல்லிய தகடு எடுத்து, நார் ஓடும் திசை பார்த்து, பசை வைத்துச் செருகி, காய்ந்தபின் உளியால் மட்டம் வெட்டியிருக்கிறார். அந்த ஒரு சீவலைப் பற்றியே வெகுநேரம் பேசினோம். பெட்டி அழகாக இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்த்து வந்தவர் இல்லை.

"சூப்பர்" என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துபோகிறது. "இதை எப்படிச் செய்தீங்க?" என்று கேட்டால்தான், செய்தவர் செலவிட்ட நேரத்தை நாம் பார்த்துவிட்டோம் என்பது அவருக்குத் தெரிகிறது. என் அபிப்பிராயம் இது. அக்கா ஒப்புக்கொள்ள மாட்டார். பாராட்டுக்குப் பசித்தவனுக்கு முதலில் பாராட்டைக் கொடுக்கணும், கேள்வியெல்லாம் அப்புறம் என்பது அவர் கட்சி.

ஜூன் 9, ஞாயிறு

தம்பி போன் செய்தான். பைக்குள் இருந்தது ஒரு மரக்கரண்டி. குழிவின் நடுவில் வெடித்துவிட்டதாம், அதனால்தான் காட்டவில்லை. மரம்? வேம்பு, அப்போதுதான் வெட்டிய கிளை. கிளையை இரண்டாகப் பிளந்தாயா என்று கேட்டேன். இல்லை, முழுக்கிளையில் அப்படியே குடைந்திருக்கிறான்.

கிளையின் நடுவில் இருக்கும் நெட்டி கரண்டிக்குள் வந்துவிட்டால் அது வெடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். மரம் காயும்போது ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து வெளிப்பட்டை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் அநேகமாக இல்லவே இல்லை. நெட்டியைச் சுற்றி வளையம் முழுசாக இருந்தால் சுற்றளவு இழுக்கும், விட்டம் விட்டுக்கொடுக்காது, எங்காவது பிளந்துதான் ஆக வேண்டும். கிளையைப் பிளந்து, நெட்டியைச் செதுக்கித் தள்ளிவிட்டு, பச்சையாக இருக்கும்போதே கரண்டியின் உருவத்துக்குக் கொண்டுவந்து, அதே சீவல்களோடு காகிதப் பையில் போட்டு மெதுவாகக் காயவிடச் சொன்னேன்.

"அப்ப என் கை தப்பு இல்லையா அண்ணே?"

கையில் ஒரு குறையும் இல்லை. காம்பின் வளைவைப் படமாக அனுப்பியிருந்தான். நன்றாகவே செதுக்கியிருக்கிறான். அதைச் சொன்னேன். (அக்கா கட்சியும் முழுக்கத் தோற்றுவிடவில்லை.)

ஜூன் 15, சனி

தம்பிக்காக இன்று உளி தீட்டும் வகுப்பு. ஆசிரியர் நடத்தினார். தம்பி ஒரு பெரிய பட்டியலோடு வந்திருந்தான்: இதை வாங்கட்டுமா, அதை வாங்கட்டுமா என்று. ஆசிரியர் அதை மடித்து அவன் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார். ஒரு ரம்பம், இரண்டு உளி, ஒரு இழைப்புளி, ஒரு மூலைமட்டம், கோடு கீற ஒரு கத்தி. இவ்வளவும் கூராக இருந்தால் போதும் என்றார்.

அவர் கற்றுத்தரும் முறை எனக்குப் பிடிக்கும். உளியின் சரிவை (சாய்வான முகம்) விட்டுவிட்டு முதுகில் (அதற்கு எதிரே இருக்கும் தட்டை முகம்) தொடங்குவார். முதுகு, வாயை (வெட்டும் விளிம்பை) ஒட்டிய ஒரு விரல் நீளமாவது, கண்ணாடி மாதிரி தட்டையாக வேண்டும். இரண்டு பரப்பு சந்திக்கும் கோடுதான் கூர். ஒரு பரப்பு மேடுபள்ளமாக இருந்தால் மற்றதை எவ்வளவு தீட்டியும் பயனில்லை. அதன் பிறகு சரிவு 25 டிகிரி. நுனியில் மட்டும் 30 டிகிரிக்குத் தூக்கி இரண்டு இழுப்பு. 1000 எண் தீட்டுக்கல்லில் (எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும்) தேய்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் முதுகுப் பக்கம் பிசிறு எழும்பும். அதைக் கண்ணால் பார்ப்பது கடினம். கட்டைவிரலை வாயை நோக்கித் தள்ளாமல், வாயிலிருந்து வெளியே போகிற மாதிரி லேசாக வருடினால் நகத்தோரம் தட்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பிசிறு தட்டுகிறதா? சரி, நுண்ணிய கல்லுக்குப் போகலாம். தட்டாத இடம் இருந்தால் அங்கே இன்னும் கூர் பிறக்கவில்லை. தம்பி இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு தடவினான். "இங்க இருக்கு, இங்க இருக்கு, இங்க இல்லை!" என்றான். அந்தக் குரலை ஆசிரியர் போகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கூரைச் சோதிக்கக் கை ரோமத்தை மழிப்பது வெறும் வித்தை. பைன் மாதிரி மென்மரத்தின் குறுக்குமுகத்தை (நார்கள் வெட்டுப்பட்டு முடியும் முனையை) சீவிப் பார்க்க வேண்டும். மழுங்கிய உளி அந்த மெல்லிய நார்களை நசுக்கிப் பிய்க்கும், பரப்பு வெளுத்துப் பொடிப்பொடியாகத் தெரியும். கூரான உளி போன தடம் பளபளக்கும். தம்பியின் தடம் பாதி பளபளப்பு, பாதி வெள்ளை. எந்தப் பாதி என்று அவனே சொன்னான்.

ஜூன் 19, புதன்

அண்ணன் முகமூடி இல்லாமல் உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். சண்டை. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே சேர்த்துவிட்டது, குறிப்பாக மூக்குப் பகுதியில் வருவது. கண்ணுக்குத் தெரிகிற தூள் கீழே விழுந்துவிடும், தெரியாததுதான் நுரையீரலுக்குள் போகும். அக்கா தன் கிளினிக் முகமூடிப் பெட்டியையே பட்டறைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார். அதில் என்95 எது, வாயை மட்டும் மறைப்பது எது என்று பிரித்தும் வைத்தார். அண்ணன் முனகிக்கொண்டே மாட்டினார்.

ஜூன் 22, சனி

அக்காவின் மேசையை நாலு பேர் சேர்ந்து தூக்கி வந்தோம். 60 செ.மீ. அகல மேற்பலகை, ஓரத்திலிருந்து உள்ளே ஒரு முழத்துக்குமேல் வெடிப்பு. "விறகாக்கிடலாம்னு இருந்தேன்" என்றார். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. மேசையைக் கவிழ்த்தோம்.

அடியில் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சட்டத்தின் நாலு பக்கமும் மேற்பலகையைத் திருகால் இறுக்கியிருந்தார், ஒரு இடத்தில்கூட அசைய வழியில்லை. தேக்கு சாதுவான மரம் என்று பெயர். அதுவே, ஆண்டு வளையங்கள் அகலவாக்கில் படுத்திருக்கும்படி அறுத்த பலகையாக இருந்தால், அதன் ஈரப்பதம் 4 சதவீதம் மாறும்போது 60 செ.மீ. அகலத்துக்கு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நகரும். வறண்ட காலம் வந்தது, பலகை சுருங்கப் பார்த்தது, திருகுகள் விடவில்லை.

அமெரிக்க மரச்சாமான் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமா (1905–1990) வெடிப்பை மறைக்காமல் அதன் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டைகளைப் பதித்து அதையே அழகாக்கியவர். அக்கா அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறார், நாமும் அப்படிச் செய்யலாமா என்று கேட்டார். செய்யலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும், ஆனால் திருகுகள் இப்படியே இருந்தால் பலகை அடுத்த ஆண்டு வேறு இடத்தில் வெடிக்கும் என்றார் ஆசிரியர். அதனால் முதலில் திருகுகளைக் கழற்றினோம். கழற்றக் கழற்ற மரம் முனகியது. கடைசித் திருகு வந்ததும் ஒரு சின்ன 'டப்'. அக்கா திடுக்கிட்டார்.

வெடிப்பை ஒட்டிப் பலகையை நீளமாக அறுத்து இரண்டாக்கினோம். இனி அந்த இரண்டு விளிம்புகளும் ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் அமர வேண்டும். இதற்கு ஒரு பழைய யுக்தி உண்டு. சேர வேண்டிய இரண்டு விளிம்புகளும் மேலே பார்க்கும்படி, பலகைகளைப் புத்தகம் மூடுவதுபோல் முகத்தோடு முகம் மடித்து இறுக்கி, இரண்டையும் ஒரே ஓட்டத்தில் இழைப்பது. கை கொஞ்சம் சாய்ந்து விளிம்பு 89 டிகிரியாகிவிட்டால் மற்றது 91 ஆகியிருக்கும். விரித்து வைத்தால் இரண்டும் சேர்ந்து 180. கை சாய்ந்தாலும் மேசை தட்டையாகத்தான் வரும். அண்ணன் இதை முதல்முறை கேள்விப்படுகிறாராம். இத்தனை வருஷம் ஒவ்வொரு விளிம்புக்கும் மூலைமட்டம் வைத்துக்கொண்டிருந்தேனே என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

இழைப்புளி அக்கா கையில். முதலில் துண்டு துண்டாகத்தான் சீவல் வந்தது. எதிர்நாரில் போகிறது, பலகைகளைத் திருப்பி மாட்டுங்கள் என்றான் தம்பி. ஆமாம், தம்பிதான்! திருப்பியதும் விளிம்பின் முழு நீளத்துக்கும் ஒரே சீவல், இரண்டு பலகைகளின் கனம் சேர்ந்த அகலத்துக்கு, நடுவில் ஒரு கோடோடு சுருண்டு வந்தது. ஒன்றன்மேல் ஒன்றை நிறுத்திப் பின்னால் விளக்கைப் பிடித்தோம். ஓரங்களில் ஒளி இல்லை. நடுவில் மட்டும் மெல்லிய இழையாகத் தெரிந்தது. அதை அப்படியே விட்டோம். கிளாம்ப் இறுக்கும்போது நடு மூடிக்கொண்டு முனைகள் இன்னும் அழுத்தமாகச் சேரும். பசை வைத்தாயிற்று. மேசை அரை விரல் அகலம் குறைந்தது, அவ்வளவுதான் நஷ்டம்.

ஜூன் 29, சனி

ஒட்டு தெரியவில்லை. தெரியும் என்று அக்கா மட்டும் ஒரு இடத்தைக் காட்டிக்கொண்டே இருக்கிறார்.

மேற்பலகையைச் சட்டத்தோடு சேர்க்க இந்தமுறை மரக்கொக்கிகள். 'ட' மாதிரி சின்னக் கட்டை. அதன் நாக்கு சட்டத்தின் உட்புறக் காடியில் (வெட்டிய பள்ளத்தில்) உட்காரும், திருகு மேற்பலகையில் மட்டும் ஏறும். பலகை சுருங்கினாலும் விரிந்தாலும் நாக்கு காடிக்குள் வழுக்கும். குறுக்குச் சட்டங்களில் நடுவில் மட்டும் ஒரு திருகு, இரண்டு பக்கமும் சமமாக நகரட்டும் என்று. கொக்கிகள் அத்தனையும் தம்பி அறுத்தது. ஒன்றின் நார் குறுக்கே போய்விட்டது, நாக்கு கையோடு ஒடிந்து வந்தது. ஒடிந்ததை மேசையில் வைத்து, ஏன் என்று அவனே எல்லோருக்கும் விளக்கினான். மூன்று வாரத்துக்கு முன்னால் பையைத் திறக்காதவன்.

ஜூலை 6, சனி

மேசைக்கு எண்ணெய். 120, 180, 220 என்று உப்புத்தாள் ஏற்றி, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, நார் எழும்பியதும் மறுபடி 220 லேசாக. ஆளி விதை எண்ணெய், மெல்லிய பூச்சாக.

எண்ணெய்த் துணியைப் பந்தாகச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் எறியப் போனார் அண்ணன். பிடுங்கிவிட்டேன். இந்த எண்ணெய் காய்வது ஆவியாகி இல்லை, ஆக்சிஜனோடு சேர்ந்து. அப்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றும், நெருப்புக் குச்சியே தேவையில்லை. வெளியில் ஒற்றை மடிப்பாக விரித்துக் காயவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் நிறைத்த, மூடியுள்ள உலோக டப்பாவில் போட வேண்டும். பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டோம்.

ஜூலை 13, சனி

அண்ணனின் நாற்காலி ஒட்டும் நாள். எங்களில் நேர்த்தியான வேலைக்காரர் அவர். அவர் பொருளைப் பார்த்துவிட்டுப் புதியவர்கள் தங்கள் பையைத் திறக்கத் தயங்குவார்கள். அதனால் ஆசிரியர் அவரிடம் ஒன்று கேட்டிருந்தார்: ஒத்திகைத் துண்டுகளையும் கொண்டுவா. ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து கொட்டினார். தளர்ந்த பொருத்துகள், சாய்ந்த துளைகள், துளைக்குள் செருகும் கழுந்து அரை மில்லிமீட்டர் மெலிந்துபோனவை. தம்பி ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிக்கொண்டிருந்தான். அந்தச் சாக்குக்கு நாற்காலியைவிட அதிக மரம் செலவாகியிருக்கும்.

முதலில் பசையில்லாமல் ஒருமுறை முழுக்கப் பொருத்திப் பார்த்து, எது எதற்குப் பின் என்று சுண்ணக்கட்டியால் எண் போட்டோம். பசை பூசிவிட்டால் சில நிமிடங்கள்தான், அதற்குள் எல்லாம் உட்கார்ந்துவிட வேண்டும். பிரஷ் தம்பிக்கு, கொட்டாப்புளி அண்ணனுக்கு, கிளாம்ப் எனக்கும் ஆசிரியருக்கும். நேரம் சொல்வது அக்கா. பல் பிடுங்கும்போது பேசுகிற அதே நிதானமான குரலில் சொன்னார், அதுவே பாதி பதற்றத்தைக் குறைத்தது.

இறுக்கியதும் உட்காரும் சட்டத்தின் மூலைவிட்டங்களை அளந்தோம். 2 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு கிளாம்பைக் கொஞ்சம் சாய்த்து, நீண்ட மூலைவிட்டத்தின் பக்கம் அழுத்தம் கொடுத்ததும் இரண்டும் சமமாயிற்று. நாளைவரை யாரும் தொடக் கூடாது.

அடுத்த வாரம் ஆசிரியர் பழைய பலாப்பலகை ஒன்று கொண்டுவருகிறார். அதில் என்ன செய்வது என்று இப்போதே இரண்டு கட்சி. தம்பி முக்காலி என்கிறான், அக்கா அலமாரிக் கதவு என்கிறார். பலகை எவ்வளவு முறுக்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லிவிட்டேன்.