பள்ளிக்கூடத்தின் வயசும் கட்டடத்தின் வயசும்

கோயமுத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸ் பள்ளிக்கூடம் தொடங்கியது 1862-ல். கொங்கு நாட்டில் நூறு வருஷம் தாண்டிய தனியார் பள்ளிகள் இன்னும் பல உண்டு. முகப்பு வளைவில் இருப்பது பள்ளி பிறந்த வருஷம். உள்ளே ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனி வயசு. அதைச் சொல்ல ஆண்டு மலரைவிடக் கூரையே நல்ல சாட்சி.

சீமை ஓட்டை, அதாவது மங்களூர் ஓட்டைத் திருப்பினால் அடியில் ஆலையின் முத்திரை இருக்கும். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனின் ஓட்டில் 1865, அல்புகர்க் கம்பெனி ஓட்டில் 1868 என்று பார்த்ததும் அதுவே கட்டிய வருஷம் என்று கல்வெட்டு வைத்துவிடுகிறார்கள். அது தவறு. மங்களூரில் அந்த ஆலைகள் தொடங்கிய வருஷங்கள் அவை. பின்னால் சுட்ட ஓட்டிலும் அதே எண்தான் வரும். முதல் உலகப் போருக்குப் பிறகு பாசல் மிஷன் ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனி கைக்கு மாறின. காமன்வெல்த் பெயர் போட்ட ஓடு நிச்சயம் அதற்குப் பிந்தியது. உடைந்த ஓட்டை அவ்வப்போது மாற்றியிருப்பார்கள் என்பதால் ஒரே ஓட்டை நம்பக் கூடாது. முகட்டோரம், இறவாரம், நடுக்கூரை என்று பல இடத்தில் திருப்பிப் பார்த்து, எந்த முத்திரை அதிகம் என்று எண்ண வேண்டும். ஓடு பிரிக்கும் அன்றைக்கே வகைக்கு இரண்டு எடுத்து, எந்த வகுப்பறை, எந்தப் பக்கம் என்று அதன் மேலேயே எழுதி வையுங்கள். லாரியில் ஏறிவிட்டால் அந்தத் தடயம் போச்சு. இரும்பு விட்டம் இருந்தால் பெயிண்டைச் சுரண்டுங்கள். டார்மன் லாங் போன்ற இரும்புக் கம்பெனிப் பெயர் புடைப்பாகத் தெரியலாம். அதுவும் வயசுக்கு ஒரு தடயம்.

சுவருக்கு வருவோம். சுண்ணாம்புக் காரைச் சுவரில் சிமெண்ட் பூசுவதுதான் இந்தக் கட்டடங்களுக்கு நடக்கும் பெரிய கொடுமை. தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். உப்பு பூத்து, செங்கல்லே பொரிந்து உதிரும். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, நீற்றி இரண்டு வாரமாவது தண்ணீரில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு கலந்து பூச வேண்டும். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. போர்வெல் உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

பள்ளிகளுக்கு மே விடுமுறைதான் வசதி. ஆனால் வேலை ஜூனுக்குள் இழுத்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பூச்சை ஒரே நாளில் உலர்த்தி, மயிரிழை வெடிப்பு விட்டுவிடும். மேற்குச் சுவரை முதலில் முடித்து, சாரத்திலேயே ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, பத்து நாளாவது காலையும் மாலையும் நனைக்க வேண்டும்.