முதலில் தளத்தைத் தட்டிப் பாருங்கள்

பழைய ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகை நாமே புதுப்பிக்கும்போது பெயிண்ட், மெத்தை, உள் அலங்காரம் எல்லாம் அப்புறம். முதலில் மேல்தளத்தைச் சின்ன பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்று கேட்டால் சரி. 'தொப்' என்று மந்தமாகக் கேட்டால் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் பால்சா என்ற லேசான மரம் ஊறி அழுகியிருக்கலாம். தண்ணீர் பெரும்பாலும் போல்ட் ஓட்டைகள் வழியாகத்தான் இறங்குகிறது. அதனால் நல்ல இடங்களிலும் ஒவ்வொரு ஓட்டையையும் பெரிதாக்கி, எபாக்சியால் (கெட்டியாக இறுகும் பிசின்) நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே மறுபடி துளையிடுகிறேன். நாளைக்கு போல்ட்டைச் சுற்றித் தண்ணீர் புகாமல் பூசும் சீலன்ட் விட்டுப்போனாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. மெதுவான வேலைதான், ஆனால் மொத்தப் படகிலும் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். ஃபைபரைத் தேய்க்கும்போது மட்டும் நல்ல மாஸ்க் இல்லாமல் இறங்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.