எக்கோ நோட்டில் ஒரு தேதி

"தேதி என்னுதுதானே சிஸ்டர்? நானே கொடுக்கறேங்கறேன், நீங்க ஏன் மாட்டேங்கறீங்க?" என்று, எக்கோ எனப்படும் இதய ஸ்கேனுக்கான தன் தேதியை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க வந்த பெண் கேட்டதற்கு நான் சொன்ன பதிலை இன்னமும் மனத்துக்குள் திருத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "அப்படி மாத்த முடியாதும்மா, மத்தவங்களும் காத்திருக்காங்க இல்ல" என்பதுதான் அன்று வாயில் வந்தது.

மறுத்தது தவறு என்று இப்போதும் தோன்றவில்லை. சொன்ன காரணம்தான் நிற்கவில்லை. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பழுதாகி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட வருபவர் அவர். வழக்கமான மறுபரிசோதனைக்காக அடுத்த வாரமே எக்கோ தேதி வைத்திருந்தார். அவருக்குப் பின்னால், அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து மகனோடு வந்திருந்த மூதாட்டிக்கு நான் எழுதிக் கொடுத்த தேதியோ ஒன்றரை மாதம் தள்ளி இருந்தது. மேடேறினால் மூச்சு வாங்குகிறது என்று மகன் சொன்னதைக் கேட்டதும், அந்தப் பெண் தானாகவே தன் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டார். இருவரும் இடம் மாற்றிக்கொண்டால் நடுவில் இருக்கும் யாருக்கும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது. அது எனக்கு உறைத்தது வீட்டுக்குப் போகும் பேருந்தில்தான்.

ஆனாலும் ஒருமுறை மாற்றிக் கொடுத்தால், அடுத்த வாரம் முன்தேதிக்காரர்களைச் சுற்றிக் கெஞ்சலும் பேரமும் தொடங்கிவிடும். வாயுள்ளவன் பிழைப்பான், அஞ்செட்டியிலிருந்து முதல் பேருந்தில் வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பவர் அப்படியே இருப்பார். இதை அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும், நான் தேதி எழுதும் நோட்டில் வரிகளுக்கு இடையே சிவப்பு மையில் நுழைந்திருந்த பெயர்கள்மேல் விரலை வைத்து "அப்ப இவங்கெல்லாம் யாருங்க?" என்று அவர் கேட்டதற்கு அது பதிலாகாது. கர்ப்பிணிகளும், அறுவை சிகிச்சைக்கு முன் தகுதிச் சான்று வேண்டியவர்களும், மருத்துவர் 'அவசரம்' என்று எழுதியவர்களும்தான் அவர்கள். விதிப்படி நுழைந்தவர்கள். வரிசையை நான் காப்பதாகச் சொன்னது, பாதி அழிந்த வரிசையைத்தான்.

ஒருவருக்கு எக்கோ எடுக்க 15 முதல் 20 நிமிடம் ஆகும், இயந்திரமோ ஒன்றுதான். 2021 ஆகஸ்டில் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபின், வீடு தேடிப்போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நல்ல காரியம்தான். அங்கே கண்டுபிடிக்கப்பட்டவர்களில் சிலரேனும் கடைசியில் என் நோட்டுக்குத்தான் வந்து சேர்கிறார்கள் என்று நினைப்பேன். அதைக் குறையாகச் சொல்ல மனம் வராது.

அன்று அந்த மூதாட்டியை மறுபடி மருத்துவரிடம் அனுப்பினேன், 'அவசரம்' என்று எழுதி வாங்கிவரட்டும் என்று. மருத்துவர் இ.சி.ஜி.யைப் பார்த்து, நீர் பிரியும் மாத்திரை எழுதிவிட்டு, தேதியை மாற்றாமல் விட்டார். மருத்துவம் தெரிந்தவரின் முடிவு அது. மூதாட்டி அந்தத் தேதியில் வந்து எக்கோவும் எடுத்துக்கொண்டார். ஆகவே என் மறுப்பால் கெடுதல் எதுவும் நேரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். தேதி கொடுக்க வந்த பெண் மட்டும் தன் நாளில் வரவில்லை. அந்த நேரத்துக்கு வார்டிலிருந்து ஒருவரை அழைத்துக்கொண்டார்கள். வேண்டுமென்றே வராமல் இருந்தாரா, வேலைக்கு விடுப்புக் கிடைக்கவில்லையா தெரியாது. அடுத்த ஊசிக்கு வந்தபோது நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புதுத் தேதி எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனார்.

விட்டுக்கொடுக்க விரும்புகிறவர்களின் தேதிகளுக்கென நோட்டில் தனிப் பக்கம் வைக்கலாமா என்று பொறுப்புச் செவிலியரிடம் கேட்டுப் பார்த்தேன். "அதை யாருக்குக் கொடுக்கறதுன்னு நீ உக்காந்து முடிவு பண்ணுவியா?" என்றார். டாக்டர் சொல்லட்டுமே என்றேன். அறைக்கு வெளியே சுவரோரம் நின்ற கூட்டத்தைக் கண்ணால் காட்டி, "அவருக்கு அதுக்கு நேரம் எங்கம்மா இருக்கு?" என்றார். பக்கம் வைக்கவில்லை.